வெள்ளைச் சரக்கும் ஓட்டு மையும்

அன்று மத்தியானம் செட்டில் இருந்தவர்கள்:

பெரியப்பா. பனியன் தைக்கிற தகரச் செட்டு அவருடையது. மெஷின்களில் பாதி அவருடையது, பாதி பேங்க்குடையது.

பெரியம்மா. பனியனை மடித்துக் கவரில் போடுகிற வேலை.

அப்பா. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மை வைத்த விரலில் செலோ டேப் சுற்றியிருந்தார்.

மதுரைப் பக்கத்து டெய்லர் அண்ணன். அவருக்கு ஓட்டு அவர் ஊரில்.

அயர்ன் போடுகிற இந்திக்காரப் பையன். அவனுக்கு ஓட்டு இரண்டு நாள் ரயில் பயணத்துக்கு அப்பால்.

அம்மா. செக்கிங்.

நான். ஒன்பது வயது. பள்ளிக்கூடம் லீவு. கத்தரி கொடுத்து நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்திருந்தார்கள்.

சித்தப்பா மட்டும் இல்லை. அவர் ஓட்டுச்சாவடியில் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தார்.

மங்கலம் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. வீட்டுக்கு முன்னால் தகரம் போட்ட செட்டு. அப்பாவுக்குக் கல்யாணம் ஆன வருசம் போட்டது. அன்றிலிருந்து அது ஓரடி நகரவில்லை. தொகுதிதான் நகர்ந்தது. அதுவரை நாங்கள் கோயமுத்தூர்க்காரர்களோடு சேர்ந்து எம்.பி. தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். பெரியம்மா பிறந்த ஊர் கோபி பக்கம். அது வேறு தொகுதி. பிறகு யாரோ எங்கேயோ உட்கார்ந்து பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு போட்டார்கள். திருப்பூர் பேரிலேயே ஒரு தொகுதி வந்தது. கோபி எங்களோடு வந்து சேர்ந்தது. பெரியம்மாவுக்கு அதில் ரொம்ப சந்தோசம். கல்யாணம் ஆகி இத்தனை வருசம் கழித்துப் பிறந்த ஊரே அவளைத் தேடி வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள்.

பெரியப்பாவுக்குச் சந்தோசம் வேறு மாதிரி. இனி பனியனுக்கு என்று டெல்லியில் ஓர் ஆள் இருப்பார் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். அந்த ஆள் யாராக இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். பெரியப்பா கட்சிக்காரர். எந்தச் சின்னம் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு மாசம் முன்பே சொல்லியாகிவிட்டது.

புதுத் தொகுதியின் முதல் தேர்தல் நாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்து வெள்ளைச் சரக்கு.

கலர் சரக்கு என்றால் ஒன்றும் இல்லை. வெள்ளை என்றால் எங்கள் செட்டில் எல்லோரும் பயந்துதான் நடப்போம். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. மருதாணி கூடாது. வெற்றிலை கூடாது. டீ குடிக்கிறவர் ரோட்டுக்குப் போய்க் குடிக்க வேண்டும். அத்தனையும் எங்களுக்குப் பழக்கம்தான். ஓட்டு மையை மட்டும் போன தேர்தலில் யாரும் நினைக்கவில்லை.

போன தேர்தலிலும் இதே மாதிரி வெள்ளை ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மாவும், அப்போது கூலிக்கு வந்துகொண்டிருந்த பெண்களும் காலையில் போய் ஓட்டுப் போட்டார்கள். பள்ளிக்கூடம் ரோட்டைத் தாண்டினால் இரண்டாவது சந்தில்தான். மை காயுமுன் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது ஒன்றும் தெரியவில்லை. லேசாக ஊதாவாக இருந்தது, நிழலில் தெரியாத அளவுக்கு. கட்டி அனுப்பிவிட்டார்கள். கம்பெனியில் பிரித்து வெளிச்சத்தில் போட்டதும் அத்தனையும் கருத்துவிட்டது. ஒவ்வொரு பனியனிலும் ஒரு பெண்ணின் விரல். சரக்குத் திரும்பி வந்தது. பிளீச்சிங் போட்டார்கள். கறை எடுக்கிற துப்பாக்கியால் அடித்தார்கள். துணி ஓட்டையானது, மை போகவில்லை. வேறு வழியில்லாமல் அதை நாங்களே போட்டுக் கிழித்தோம். என் முதுகில் பெரியம்மாவின் விரல் ரேகையோடு நான் இரண்டு வருசம் தூங்கினேன்.

அதனால் இந்தத் தேர்தலுக்குப் பெரியப்பா முன்கூட்டியே சட்டம் போட்டார்.

“மெசின்ல உக்கார்ற ஆம்பளைங்க காலைலயே போயிட்டு வந்து டேப்பு சுத்திக்கங்க. செக்கிங்கு, பேக்கிங்கு ரெண்டு பேரும் சரக்கு ஏறுனப்பறம் போலாம். நாலு மணிக்கு டெம்போ வந்துரும். அஞ்சு மணி வரைக்கும் ஓட்டு. ஒரு மணி நேரம் இருக்குதல்ல?”

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. லீவு விட்ட கம்பெனிகள் லீவு விட்டிருந்தன. எங்களுடையது கம்பெனி இல்லை. வீடு.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஒரு மணி வரை வரவில்லை. மே மாசம், தகரக் கூரை. மெஷின்கள் நின்றன. அயர்ன் ஆறிப் போனது. பெரியப்பா வாசலுக்கும் மீட்டருக்கும் நடந்தார். கரண்ட் வந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அப்போதே கணக்குத் தவறிவிட்டது. எல்லோருக்கும் தெரியும்.

இதை இங்கே சொல்லியாக வேண்டும். அம்மா பெரியப்பாவிடம் நேரில் பேச மாட்டாள். புருசனுக்கு மூத்தவர். எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் பெரியம்மா வழியாக, இல்லாவிட்டால் என் வழியாக. பெரியப்பாவும் அப்படித்தான். பத்தடி தூரத்தில் இரண்டு பேரும் இருப்பார்கள். நடுவில் நான் போய் வருவேன்.

மூன்றரைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“பெரியப்பாகிட்டக் கேளு கண்ணு. இன்னும் எத்தன பண்டலுன்னு.”

போய்க் கேட்டேன். அவர் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தது.

“நாலு பண்டலுன்னு சொல்லு.”

திரும்பி வந்து சொன்னேன். அம்மாவின் காதிலும் விழுந்திருந்தது. ஒரு பனியனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள். மடித்து வைத்தாள்.

“அஞ்சுக்கு மூடிருவாங்களாம்னு சொல்லு.”

“எனக்குந் தெரியும்னு சொல்லு.”

மதுரை அண்ணன் மெஷினை நிறுத்தாமலே சிரித்தார். “ஏ பாப்பா, உன் தலையில ஒரு டவர வச்சிட்டா நீயே செல்போன் கம்பெனி ஆரம்பிச்சிரலாம்.”

“நீ தையிப்பா,” என்றார் பெரியப்பா.

பெரியம்மா கவர் போட்டுக்கொண்டே சொன்னாள். “எனக்கு ஓட்டே வேண்டாஞ் சாமி. போன வாட்டி போட்டு என்னாச்சு? எந்தக் கட்சி ஜெயிச்சுதுன்னு ஞாபகமில்ல. எத்தன பனியன் போச்சுன்னுதான் ஞாபகம்.”

இந்திக்காரப் பையன் அயர்ன் டேபிளிலிருந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். “அக்கா, நம்ம கை சாஃப், சுத்தம். நான் மடிக்கிறான்.”

“பாத்தயா,” என்றார் பெரியப்பா. “இன்னைக்கு ஓட்டில்லாதவனுக்குத்தான் மரியாதை. போடா, நீ மொதல்ல சூடு போடு.”

நாலு மணிக்கு டெம்போ வந்தது. டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் விரலிலும் மை இருந்தது. பெரியப்பா அவரைப் பனியன் பக்கம் வரவே விடவில்லை. வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். கம்பெனியிலிருந்து போன் வந்தது. “ஏத்திட்டே இருக்கறனுங்க” என்று பெரியப்பா சொன்னார். ஒன்றும் ஏறவில்லை. இரண்டு பண்டல் மீதி இருந்தது.

நாலரைக்கு அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து பக்கத்தில் போனேன். அவள் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. கத்தரியைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். சேலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினாள்.

“மாமா. நான் போயி ஓட்டுப் போட்டுட்டு வந்தர்றனுங்க.”

பெரியப்பாவைப் பார்த்தே சொன்னாள். அவள் அவரிடம் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. மதுரை அண்ணனின் மெஷின் நின்றது. அப்பாவின் மெஷினும் நின்றது. வேலை நேரத்தில் கரண்ட் இருந்தும் அந்த மெஷின் நின்று நான் பார்த்ததில்லை.

பெரியப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா ஊசியைப் பார்த்தார்.

“வெள்ளைச் சரக்கு…” என்று ஆரம்பித்தார் பெரியப்பா.

“தெரியுமுங்க. வந்து விரலக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கறன். போன தடவை சரக்க முடிச்சுட்டு சாயந்தரந்தான் போனன். போட்டாச்சுன்னாங்க. ‘ஆருங்க போட்டது’ன்னு கேட்டன். ‘நீங்கதானுங்கம்மா’ன்னாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “இந்தத் தடவ நானே போட்டுக்கறனுங்க.”

அவ்வளவு நீளமாக அம்மா பேசி யாரும் கேட்டதில்லை. பெரியம்மா கையிலிருந்த கவரைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் டேபிளில் போய் உட்கார்ந்தாள். அம்மா பார்த்து வைத்த கட்டை ஒரு பக்கம் தள்ளினாள். பார்க்காத கட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

“நீ போ அம்மிணி. நான் பாக்கறன். கண்ணாடி எங்கடா?”

இந்திக்காரப் பையன் போய் மடிக்கிற இடத்தில் நின்றான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பெரியப்பா என்னிடம் சொன்னார். “அம்மாவச் சுருக்கா வரச் சொல்லு கண்ணு.”

அம்மா கிளம்பிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

ஓட்டு அட்டையை அவள் காலையிலேயே இடுப்பில் செருகி வைத்திருந்தாள். அன்று முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறது. எடுத்தபோது வேர்வையில் நனைந்திருந்தது. அதில் அவள் முகம் கறுப்பாக, கோபமாக இருக்கும். அவள் அப்படி இல்லை.

பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மங்கலம் ரோட்டைத் தாண்டி, இரண்டாவது சந்து. போன தடவை அங்கேதான் போட்டாச்சு என்று சொல்லியிருந்தார்கள். வாசலில் வரிசை இருந்தது. மளிகைக் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு எதிரே கடை. தினமும் பார்க்கிறவர்.

“ஏனுங்க இங்க வந்துட்டீங்க?” என்றார்.

“ஓட்டுக்குங்க.”

“உங்களுக்கு இங்க இல்லீங்களே. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கோயமுத்தூருங்க. அந்தப் பக்கந்தான் திருப்பூரு. உங்களுக்கெல்லாம் சமுதாயக் கூடத்துல போட்டிருக்குது.”

அம்மா அவரைப் பார்த்தாள். ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பஸ் போனது. தினமும் தாண்டுகிற ரோடு. பால் வாங்க, பருப்பு வாங்க, குழாய்த் தண்ணீர் பிடிக்கத் தாண்டுவோம். கோடு எதுவும் தெரியவில்லை. மளிகைக் கடைக்காரர் கடையைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே வேறு தொகுதிக்குப் போய்விட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே புதுசாக இருந்தது.

அப்பாவுக்கு இது தெரியும். காலையில் சமுதாயக் கூடத்தில்தான் போட்டுவிட்டு வந்தார். அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கேட்டால்தான் பதில் வரும்.

“மணி எத்தனைங்க?” என்றாள் அம்மா.

“நாலே முக்கால் ஆகப் போகுது. சீக்கிரம் போங்க, போங்க. சாக்கடைச் சந்துல போனா கிட்ட.”

அம்மா ஓடினாள். அவள் ஓடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தாள். ஒரு கையில் என்னைப் பிடித்தாள். செருப்பு ஒன்று அறுந்தது. இரண்டையும் கழற்றி ஒரு வீட்டு மதில்மேல் வைத்தாள். தார் கொதித்தது. அவள் காலைப் பார்க்கவே இல்லை. ரோட்டைத் தாண்டி, சந்துக்குள் புகுந்து, வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு நடுவில் ஓடினோம். யாரோ ஒரு பாட்டி “ஏனாத்தா, என்னாச்சு?” என்று கேட்டாள். அம்மா ஓட்டத்தை நிறுத்தவில்லை.

சமுதாயக் கூடத்து வாசலில் ஒரு போலீஸ்காரர் வரிசையின் கடைசியை நோக்கி வந்துகொண்டிருந்தார். கையில் சின்னச் சின்னச் சீட்டு. நாங்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது அவர் கடைசியில் நின்ற பெண்ணிடம் ஒன்றை நீட்டிவிட்டார்.

அம்மாவால் பேச முடியவில்லை. மூச்சு வாங்கியது. அட்டையை மட்டும் தூக்கிக் காட்டினாள். போலீஸ்காரர் வாட்சைப் பார்த்தார். அம்மாவின் காலைப் பார்த்தார். திரும்ப வாட்சைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் கையிலிருந்த சீட்டை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். அவளுக்கு வேறு கொடுத்தார்.

“கேட்டச் சாத்துப்பா,” என்றார்.

சீட்டு கடைசி ஆளிடமிருந்து ஆரம்பிக்கும். பின்னால் புதிதாக யாரும் சேர முடியாமல் இருக்க அப்படி ஒரு முறை. எனக்கு அது தெரியாது. அம்மாவின் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 1 என்று எழுதியிருந்தது. கடைசியில் ஓடி வந்த அம்மாவுக்கு முதல் நம்பர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்னால் நின்றவளின் சீட்டை எட்டிப் பார்த்தேன். 2.

அவளும் பனியன் கம்பெனிதான். தலைமுடி முழுக்கப் பஞ்சு. அவள் திரும்பிச் சிரித்தாள். “உங்கம்மா ஃபர்ஸ்ட்டு கண்ணு. நாங்கெல்லாம் ஃபெயிலு.”

வரிசையில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். எல்லோரும் சரக்கை முடித்துவிட்டு வந்தவர்கள். எல்லோர் மேலும் நூல். அவர்கள் வெள்ளைச் சரக்கு ஓடுகிற கம்பெனிகளைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தி விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தாளாம். மை ஒட்டாது என்று யாரோ சொன்னார்களாம். “எண்ண பட்டாலும் சரக்குப் போச்சு, மை பட்டாலும் போச்சு. நீ எதுக்குத்தான் பொறந்தியோ” என்று இன்னொருத்தி சொன்னாள். வரிசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாக நின்றது. மேஜைக்குப் பின்னால் ஆபீசர்கள். ஒரு பக்க பெஞ்சில் ஏஜெண்டுகள். அவர்களில் சித்தப்பா. அவர் முன்னால் ஓட்டர் லிஸ்ட், பேனா. வீட்டில் அவர் சத்தம்தான் பெரிய சத்தம். அங்கே அவர் காலைச் சேர்த்து வைத்துப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. போன தேர்தலில் பள்ளிக்கூடத்து ஏஜெண்டும் அவர்தான். முகம் மாறியது எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதல் ஆபீசர் அட்டையை வாங்கினார். நனைந்த அட்டையைத் தன் சட்டையில் துடைத்தார். விரலை வைத்து லிஸ்ட்டில் தேடினார். வரிசை எண்ணைச் சொன்னார். பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னார். சத்தமாக, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன்.

அம்மாவுக்குப் பெயர் இருப்பது எனக்குத் தெரியும். ரேசன் கார்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அப்பாவுக்கு அவள் ‘இந்தா’. பெரியம்மாவுக்கு அம்மிணி. சித்தப்பாவுக்கு அண்ணி. எனக்கு அம்மா. அம்மாவைப் பெற்ற அம்மாயி வந்தால் ‘கண்ணு’ என்பாள். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் ஒரு தடவைகூட ஒலித்ததில்லை. இங்கே யாரோ ஒரு கண்ணாடிக்காரர் அதைச் சத்தமாகச் சொல்கிறார். பெஞ்சில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் குனிந்து அந்தப் பெயரைத் தேடுகிறார்கள். யாரும் தப்பாக நினைக்கவில்லை. அம்மா தலை குனியவில்லை.

“நான்தானுங்க,” என்றாள்.

ஆபீசர் பெஞ்சைப் பார்த்தார். “ஏஜெண்டு, சரிங்களா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். சித்தப்பா மட்டும் நிமிரவில்லை. ஆபீசர் இன்னொரு தடவை கேட்டார்.

“எங்க அண்ணிதானுங்க,” என்றார் சித்தப்பா. லிஸ்ட்டைப் பார்த்தே சொன்னார்.

அம்மா அவரைப் பார்த்தாள். “ஆமாங்க தம்பி. நானேதான்,” என்றாள்.

கையெழுத்துக் கேட்டார்கள். அம்மா பேனாவை இறுக்கிப் பிடித்துப் பெயரைப் போட்டாள். நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த ஆபீசர் இடது கையை நீட்டச் சொன்னார்.

“சார், கொஞ்சமா வைங்க. வெள்ளைத் துணியில வேல.”

“காலைல இருந்து எல்லாப் பொம்பளைங்களும் இதையேதாம்மா சொல்றாங்க,” என்றார் அவர். “இதுல கொஞ்சம் நெறையன்னு கெடையாது.” நகத்திலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து விரலில் ஊதினார். அரசாங்க ஆபீசர் ஒருவர் அம்மாவின் விரலில் ஊதுகிறார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் அம்மா போனாள். என்னை இங்கேயே நில் என்றார்கள். அவள் தலையும் முதுகும் மட்டும் தெரிந்தன. ரொம்ப நேரம் நின்றாள். பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அந்த மாதிரி மேலிருந்து கீழாகப் பார்க்கிறாள் என்று முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. சித்தப்பா கழுத்தை நீட்டினார். ஆபீசர் அவரைப் பார்த்ததும் சுருக்கிக்கொண்டார்.

பீப் என்று ஒரு நீளச் சத்தம் கேட்டது.

அம்மா எந்தச் சின்னத்தில் போட்டாள் என்று பெரியப்பா அன்றும் கேட்டார், அடுத்த வாரமும் கேட்டார். நேரில் கேட்கவில்லை. என்னிடம் சொல்லி அனுப்பினார். “போட்டாச்சுன்னு சொல்லு” என்று அம்மா சொல்லி அனுப்பினாள். நானும் இன்றுவரை கேட்கவில்லை.

சரக்கு என்னானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போய்ச் சேர்ந்தது. அம்மா வந்து, பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி ஒரு துண்டை எடுத்து விரலில் சுற்றிப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டு உட்கார்ந்தாள். பெரியம்மா பார்த்து வைத்ததை மறுபடி பார்த்தாள். ஆறரைக்கு டெம்போ கிளம்பியது. ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை. பெரியம்மா அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடவில்லை. ‘பொறந்த ஊரே வந்துச்சு, நான்தான் போகல’ என்று பிறகு சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தொகுதியில் அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் வந்துவிட்டது. யார் யாரோ ஜெயித்தார்கள். நான் எட்டாவதோடு நின்று செக்கிங்குக்கு வந்தேன். இப்போது என் ஓட்டும் அதே சமுதாயக் கூடத்தில்தான். இப்போதெல்லாம் பொத்தானை அமுக்கினால் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு தெரிந்து விழுகிறது. மறுபடியும் தொகுதியைப் பிரிக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். பிரிக்கட்டும். எங்கள் வீடு இங்கேதான் இருக்கும்.

அன்றைக்கு வருகிறேன். பீப் சத்தம் ஓய்ந்தது. அம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். வாசலில் வெளிச்சம் இருந்தது. அங்கே நின்று விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஊதா கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்துக்கொண்டிருந்தது. போன தடவை பனியனைக் கெடுத்த அதே கருப்பு. அவள் அதைத் துடைக்கவில்லை. காய விட்டாள்.

உள்ளே பெரிய ஆபீசர் எழுந்து நின்று, “அவ்வளவுதானே? வேற யாரும் இல்லையே?” என்று கேட்டார். யாரும் இல்லை. மெஷினில் எதையோ அமுக்கினார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஏஜெண்டுகள் பேனாவை எடுத்தார்கள். அவர் ஒரு எண்ணைப் படித்தார். சித்தப்பாவும் மற்றவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

அது என்ன எண் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் பெயரைச் சொன்ன அதே இடத்தில், அவள் ஓட்டுப் போட்ட உடனே படித்தார்கள். அதனால் அம்மாவுக்குக் கிடைத்த மார்க் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய மார்க்கை எங்கள் வகுப்பில் யாரும் வாங்கியதில்லை. அம்மா உள்ளே போகும்வரை அந்த எண் ஒன்று குறைவாக இருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி நடந்தோம். செருப்பை எடுக்க ரோட்டைத் தாண்டிப் போனோம்; மதில்மேல் அப்படியே இருந்தது. அம்மா அறுந்த வாருக்கு ஒரு ஊக்குக் குத்தினாள்.

“எத்தனைன்னு சொன்னாங்க கண்ணு?”

சொன்னேன். தலையாட்டினாள். வீட்டுப் பக்கம் ரோட்டைத் திரும்பத் தாண்டக் காத்து நிற்கும்போது இன்னொரு தடவை கேட்டாள். சொன்னேன். ஒரு லாரி போனது. செட்டுக்குள் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தகரக் கதவில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே போகாமல் அம்மா மறுபடியும் கேட்டாள்.

எழுநூற்று எண்பத்தொன்று.